செட்டிநாட்டுச் சாலையில் முதல் வண்டி: பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு பிள்ளை வண்டி ஓட்டத் தொடங்கும் நாள் யாரும் குறித்து வைத்த நாளாக இருப்பதில்லை. வீட்டில் விசேஷம், கூட்டம், "தம்பி, ஓடிப்போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுப்பா" என்று யாரோ சாவியை நீட்டுகிறார்கள். அடுத்த வாரம் டியூஷனுக்கு, அதற்கடுத்த மாதம் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு. கியர் போடவும் ஆக்ஸிலேட்டர் முறுக்கவும் அரை மணியில் வந்துவிடும். நிறுத்தவும், திரும்பவும், எதிரே என்ன வரும் என்று ஊகிக்கவும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். 16 முதல் 19 வயது வரை உள்ளவர்களையும், அவர்கள் கையில் சாவி கொடுக்கும் பெரியவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். இங்கே பிள்ளைகள் முதலில் தொடுவது இரு சக்கர வண்டி என்பதால் பேச்சும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

சாவிக்கு முன் லைசென்ஸ்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிவிடுவோம். "மொபெட்டுக்கும் ஸ்கூட்டிக்கும் லைசென்ஸ் வேண்டாம், 16 ஆனால் போதும்" என்று ஊர்ப்பக்கம் பலர் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதுக்குத் தரும் சலுகை, 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். இன்று கடைத்தெருவில் மூட்டை ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 100 சி.சி. ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. ஆகவே வீட்டில் நிற்கும் எந்தப் பெட்ரோல் வண்டியாக இருந்தாலும், நடைமுறையில் 18 வயதுதான் கணக்கு. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைந்த திறனுள்ள சிறிய மின்சார ஸ்கூட்டர்களுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. அதற்கு மேல் வேகம் போகும் மின்சார வண்டி சட்டத்தின் பார்வையில் பைக்தான்.

2019-ல் சட்டத்தில் சேர்த்த 199-ஏ பிரிவைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸோ எல்.எல்.ஆரோ (பழகுநர் உரிமமோ) இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வெளிநாட்டு வேலை, ஓட்டுநர் வேலை என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இந்தக் கடைசித் தண்டனை மற்றவற்றைவிடக் கனமானது. இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கிறது. நிலத்தை விற்றுக் கட்டும் நிலைக்கு அது கொண்டுபோய் விடும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்ததும் நிரந்தர லைசென்ஸுக்கான தேர்வுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும், 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே வர வேண்டும். நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொள்ள எல்.எல்.ஆர். அனுமதிப்பதில்லை. அந்த 30 நாளை வெறுமனே கழிக்காமல், கீழே சொல்லும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கணக்கு

கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். இனி இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே இந்தக் கணக்கின் வேறு வேறு உருவங்கள்தான்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. ஆடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆகும். அதன் பிறகு நல்ல தாரில், காய்ந்த சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னும் 10 மீட்டர். மொத்தம் 21. அறுபதில் இது 40 மீட்டராகிறது. எண்பதில் 63. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் தவறாக ஊகிப்பது இதைத்தான். சரளையிலோ மழை ஈரத்திலோ பிரேக் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆகவே அறுபதுக்கே 60 மீட்டருக்கு மேல் வேண்டும்.

63 மீட்டர் என்பது இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிட அதிகம். நாளை வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கம்பத்தை எண்ணிப் பாருங்கள், அளவு புரியும்.

தலைக்கவசம்: வாங்குவதும் கட்டுவதும்

சாலையோரத்தில் குவித்து 300 ரூபாய்க்கு விற்கும் தொப்பி தலைக்கவசம் ஆகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தையல் நாடாவால் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலும் 'மீடியம்', 60 என்றால் 'லார்ஜ்'. போட்டதும் கன்னச் சதை லேசாக அழுந்த வேண்டும். வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கில்லை. வாருக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். வாரைப் பூட்டாத ஹெல்மெட் மோதலின்போது தலைக்கு முன்னே பறந்துவிடும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. உச்சிக்கொண்டையும் தலை நிறையப் பூவும் இருந்தால் ஹெல்மெட் உட்காராது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைக் கழுத்தருகே தாழக் கட்டிக்கொள்ளுங்கள், பூவைப் பையில் வைத்துப் போய் இறங்கியபின் வையுங்கள். சித்திரை வெயிலில் வேர்க்கிறது என்று கழற்றி வைப்பவர்களுக்கு: உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் வேர்வையை அது எடுத்துக்கொள்ளும், உள்மெத்தையை வாரம் ஒருமுறை துவைக்கலாம். ஹெல்மெட்டில் கறுப்பு முகக்கண்ணாடி மாலை ஆறு மணிக்குப்பின் கூடாது.

4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்கார்பவருக்கும், ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தம். காலில் செருப்புக்குப் பதில் மூடிய காலணி, கையில் முழுக்கை. சரளையில் சறுக்கி விழுந்தால் முதலில் உரிவது உள்ளங்கையும் கணுக்காலும்தான்.

கிளம்புமுன் இரண்டு நிமிடம்

டயரைக் கையால் அமுக்கிப் பார்த்துக் காற்றைச் சொல்ல முடியாது. பத்து நாளுக்கு ஒருமுறை, வண்டி சூடாகுமுன், அளவியால் பாருங்கள். அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். பல 110 சி.சி. ஸ்கூட்டர்களில் தனியாகப் போக முன்னே 22, பின்னே 29 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், ஆள் ஏற்றினால் பின்னே கூடும். காற்று குறைந்தால் வளைவில் வண்டி நெளியும். டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்காலத்தில் அதற்கு வெகு முன்பே மாற்றிவிடுவது நல்லது. கருவேல முள் ஏறியிருக்கிறதா என்று டயரைச் சுற்றிக் கண்ணோட்டுங்கள், இந்தப் பக்கத்தில் பஞ்சருக்கு முதல் காரணம் அது.

பிரேக் நெம்புகோலை அமுக்கினால் கைப்பிடியைத் தொடக்கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைத் தனியாகவும் பின் பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பாருங்கள். செயின் வண்டிகளில் செயினின் தொய்வு பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர். பிரேக் விளக்கு எரிகிறதா என்பதை இரவில் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கண்ணாடிகளும் இருக்க வேண்டும். அழகுக்காகக் கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டாமல் சாவி கொடுக்காதீர்கள். கடைசியாகப் பக்க ஸ்டாண்டு. எடுக்க மறந்து இடப்பக்கம் வளைந்தால் அது தரையில் குத்தி வண்டியைத் தூக்கி எறியும். பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது, அப்பா காலத்து வண்டியில் அந்த வசதி இல்லை. "ஸ்டாண்டு, வார், கண்ணாடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கிளம்பும் பழக்கம் நல்லது.

பொட்டலில் பத்து நாள்

ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொட்டல் உண்டு. மாடு மேயாத, பந்து விளையாடாத காலை நேரம் பாருங்கள், ஆறு மணி சரியாக இருக்கும்.

முதல் நாள் எஞ்சினைப் போடவே வேண்டாம். வண்டியைத் தள்ளி நடந்து, எட்டு வடிவில் சுற்றி, நடு ஸ்டாண்டு போட்டு எடுத்து, அதன் கனத்தை உடம்புக்குப் பழக்குங்கள். இரண்டாம் நாள் 15 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோடு, நிற்பது, மீண்டும் கிளம்புவது. கியர் வண்டியானால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஆக்ஸிலேட்டர் தொடாமலே கண்டுபிடியுங்கள்.

நான்காம் நாளிலிருந்து பிரேக். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, 30 கிலோமீட்டரில் வந்து, கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். நின்ற இடத்தில் கல் வையுங்கள். அடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்து நின்ற இடத்தில் இன்னொரு கல். முதல் கல் ஏறத்தாழ 11 மீட்டரிலும், கை பழகியபின் இரண்டாவது 6 மீட்டரிலும் விழும். பிரேக் பிடிக்கும்போது உடம்பின், வண்டியின் கனம் முன்சக்கரத்துக்குப் பாய்கிறது. அதனால் முன் டயர் தரையை இறுகப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்லும் அறிவுரையால் பிள்ளைகள் பாதி பிரேக்கை இழந்து ஓட்டுகிறார்கள். உண்மையில் கீழே தள்ளுவது முன் பிரேக் அல்ல. ஒரே வெடுக்கில் பிடிப்பதும், ஹேண்டில் வளைந்திருக்கும்போது பிடிப்பதும், மணலில் பிடிப்பதும்தான். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. இந்தப் பயிற்சியை முதலில் 20 கிலோமீட்டரிலிருந்து தொடங்கி ஏற்றுங்கள். தரை சரளையாக இருந்தால் வேண்டாம், தார் அல்லது சிமெண்டுத் தளம் தேடிக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளில் 125 சி.சி. வரை கூட்டு பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம், அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம். கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடக்கைப் பிரேக்கே முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கும், ஆனாலும் அவசரத்தில் வலக்கையும் வேண்டும். ஏ.பி.எஸ். வண்டியில் நெம்புகோல் விரலில் துடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும் துடிப்பு. பழைய வண்டியில் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கினால் பின் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முன்சக்கரம் பூட்டினால் அந்த நொடியே விட்டு மறுபடி மெதுவாகப் பிடியுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் நாள் 'எட்டு' போடுவது. கண் முன்சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்றும். கண் அடுத்த வளைவின் முனையைப் பார்த்தால் வண்டி தானே போகும். அரைக் கிளட்சும் பின் பிரேக்கின் லேசான தொடுகையும் போதும். பத்தாம் நாள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். நேராக ஓட்டிக்கொண்டே, பின்னால் நிற்பவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். வண்டி கோணாமல் சொல்ல வந்தபின் ஊருக்குள் போகலாம்.

தெரு முக்கு

செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் அளந்து போட்ட நேர்கோடுகள். கானாடுகாத்தான், கொத்தமங்கலம், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை எங்கும் வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அவ்வளவு நீளச் சுவர், ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. பல வீடுகள் பூட்டிக் கிடப்பதால் தெருவில் நடமாட்டமும் இல்லை. நேரான தெரு, காலிச் சாலை, கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது. ஒவ்வொரு முக்கிலும் சுவர் சுவரைத் தொடும் அளவுக்குப் பார்வை மறைந்திருக்கிறது.

ஓட்டுபவரின் கண் முன்சக்கரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கிறது. சுவர் முடிந்து குறுக்குத்தெரு கண்ணில் படும்போது முன்சக்கரம் ஏற்கெனவே அந்தத் தெருவுக்குள் நீண்டிருக்கும். ஹாரன் மட்டும் அடித்துவிட்டு நாற்பதில் கடப்பது மோதலுக்குப் போதும், ஏனென்றால் குறுக்கே வருபவரும் அதையே செய்துகொண்டு வரலாம். அல்லது சைக்கிளில் வரும் காது கேளாத பெரியவராக இருக்கலாம்.

முக்குக்கு 15 மீட்டர் முன்பே வேகத்தைக் குறையுங்கள். இடது சுவரை ஒட்டாமல் உங்கள் பாதியின் நடுவுக்கு வாருங்கள், இடப்பக்கப் பார்வை கொஞ்சம் திறக்கும். ஒரு ஹாரன். நடை வேகத்தில் முன்சக்கரம் சுவர் விளிம்பைத் தொடும்போது வலது, இடது, மீண்டும் வலது பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டி உங்களுக்கு அருகிலுள்ள பாதியில் வரும், அதனால் வலது முதலில். எதிரே நிழல், சுவரில் விழும் முகப்பு வெளிச்சம், நாய் திரும்பிப் பார்க்கும் திசை, இவையும் துப்புதான். பின்வாசலிலிருந்து குழந்தையோ கன்றோ ஓடிவரும் இடமும் இதே முக்குகளுக்கு அருகில் இருக்கும். ஊருக்குள் 25 கிலோமீட்டர் போதும்.

காரைக்குடியின் கடைத்தெரு வேறு மாதிரி. அங்கே வேகம் தானாகக் குறைந்துவிடும், ஆபத்து நிறுத்திய கார்களின் கதவில் இருக்கிறது. நிற்கும் வண்டி வரிசையிலிருந்து ஒரு மீட்டர் விலகிப் போங்கள். நின்ற டவுன் பஸ்ஸின் முன்னாலிருந்து ஆள் குறுக்கே வருவார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கண்மாய்க் கரை, செம்மண் ஓரம்

ஊருக்கும் ஊருக்கும் இடையிலான சாலை பல இடங்களில் ஒரு வண்டி அகலத் தார்தான். கண்மாய்க் கரையோடும் ஊருணியைச் சுற்றியும் வளைந்து போகும். வளைவின் உட்பக்கத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும். எதிரே டிப்பரோ மினி பஸ்ஸோ வந்தால் நீங்கள்தான் மண்ணில் இறங்க வேண்டியிருக்கும், உரிமை பேசுவதில் பயனில்லை.

இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் பல இடங்களில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் பள்ளம் இருக்கும். தாரில் இருக்கும்போதே வேகத்தை 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள், ஹேண்டிலை நேராக வைத்து இறங்குங்கள், மண்ணில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஏறும்போது பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். விளிம்புக்கு இணையாக ஓட்டிக்கொண்டே ஏற முயன்றால் டயரின் பக்கம் விளிம்பில் உரசும், சக்கரம் ஏறாது, உடம்பு மட்டும் சாலைப்பக்கம் சாயும். அப்படி விழுபவர் பின்னால் வரும் வண்டியின் முன்தான் விழுவார். நின்றுவிடுங்கள். பின்னால் பார்த்து, விளிம்பை நோக்கி ஹேண்டிலை நன்றாகத் திருப்பி, மெதுவாக ஏறுங்கள்.

வளைவில் வேகத்தை வளைவுக்குள் குறைக்கக்கூடாது, முன்பே குறைத்திருக்க வேண்டும். வளைவின் மறுபக்கம் எவ்வளவு தெரிகிறதோ அதற்கேற்ற வேகம். ஆடு ஒன்று கடந்துவிட்டால் மந்தை முடிந்தது என்று எண்ண வேண்டாம், மற்றவை அதைத் தொடர்ந்தே வரும். பசு கடந்தால் கன்றைத் தேடுங்கள். மயில் தாழப் பறந்து முகத்தளவில் கடக்கும். நாய் துரத்தினால் உதைக்கக் காலை நீட்டாதீர்கள். முன்னே வேகத்தைக் குறைத்து, அருகில் வந்ததும் சீராக விலகிப் போய்விடுங்கள்.

அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையில் காயப்போடுவார்கள். வைக்கோலின் மேல் டயர் பிடிக்காது, அதில் ஏறும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். அதைவிட மோசமானது நெல்லைச் சுற்றி வண்டி ஏறாமலிருக்க வைக்கும் கல். மாலையில் நெல்லை அள்ளிப்போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும்.

பெருஞ்சாலைக்கு வந்தால்

திருச்சியிலிருந்து திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழி இராமநாதபுரம் போகும் சாலையிலும் மதுரை போகும் சாலையிலும் தனியாகப் போகுமுன் குறைந்தது ஒரு மாதம் ஊர்ச்சாலையில் ஓட்டியிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஊர்ச்சாலையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறுமுன் முழுதாக நின்றுவிடுங்கள். எண்பதில் வரும் கார் 100 மீட்டர் தள்ளி இருந்தால் நாலரை நொடியில் உங்களிடம் வந்துவிடும். உங்களுக்குக் கடக்கவே நாலைந்து நொடி ஆகும். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதுதான் கடக்கலாம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் 100 மீட்டர் முன்பே கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், பிறகு தோளுக்கு மேல் பார்வை, பிறகே நடுவுக்கு நகர்தல். பின்னால் லாரி ஒட்டி வந்தால் இடது ஓரத்தில் நின்று, சாலை காலியானதும் கடந்து போங்கள். அரை நிமிடம்தான் போகும். திரும்பியபின் இண்டிகேட்டரை அணைக்க மறப்பதும் ஆபத்து, எதிரே வருபவர் அதை நம்பி வண்டியை விடுவார்.

முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடியுமுன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் மிக நெருக்கம். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. ஒரு பஸ் இன்னொன்றை முந்திக்கொண்டு உங்கள் பாதியில் வந்தால், இடப்பக்க ஓரமே வழி.

கைபேசி: நாற்பதில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் கண்மூடி ஓட்டியதாகும். அழைப்பு வந்தால் நிறுத்திப் பேசுங்கள். அம்மா அப்பா, பிள்ளை வண்டியில் இருக்கும் நேரத்தில் நீங்களும் அழைக்காதீர்கள்.

இருட்டு, மழை, திருவிழா

இரவில் வேகம் பகலை விடப் பத்து கிலோமீட்டராவது குறைய வேண்டும். தாழ்ந்த ஒளியில் ஸ்கூட்டர் விளக்கு தெளிவாகக் காட்டும் தூரம் சில பத்து மீட்டர்தான். எதிரே விளக்கு வந்ததும் ஒளியைத் தாழ்த்தி, கண்ணை இடது ஓரக் கோட்டில் வையுங்கள். எதிர் வெளிச்சம் கடந்த பிறகு ஓரிரு நொடி கண் இருண்டிருக்கும்; விளக்கில்லாமல் நிற்கும் லாரியும் கறுப்பு மாடும் அந்த நொடியில்தான் இருக்கும். மழைக்குப் பிந்திய மாலையில் ஈசல் பறக்கும், முகக்கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் கால் மணி நேரம் மிக வழுக்கும், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் மிதந்து வரும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், கடக்க வேண்டாம். பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கலங்கல் நீரில் தெரியாது.

தை மாதம் தனியாகச் சொல்ல வேண்டியது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகளும் மற்ற பக்தர்களும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறார்கள், பெரும்பாலும் வெயில் தாழ்ந்தும் விடியலுக்கு முன்னும். அந்த நாட்களில் இந்தச் சாலைகளில் 30 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள், காதடைக்கும் ஹாரன் வேண்டாம், மிரண்டு நகர்பவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று தெரியாது. நடந்து போகும் உறவினர் பைகளில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிக் கொடுங்கள். அதே மாதம் சிராவயல் போன்ற இடங்களில் மஞ்சுவிரட்டு. அவிழ்த்துவிட்ட காளை பொட்டலோடு நிற்காது, சாலைக்கும் வரும். அன்று வேறு வழியில் போங்கள்.

விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டு அதிகாலையில் ஓட்டுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் கண்ணை ஒரே மாதிரி மூடும். தூக்கத்துக்குச் சோதனைக் கருவி இல்லை, அதனால் யாரும் பிடிப்பதில்லை. கோயில் திண்ணையில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து வாருங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவது கடைசிப் பாடம்

60 கிலோ எடை பின்னே ஏறியதும் பிரேக் தூரம் கூடும், முன்பக்கம் லேசாகும், வளைவில் அகலும். மூன்று மாதம் தனியாக ஓட்டியபின் ஏற்றுங்கள். முதலில் வீட்டுப் பெரியவரை ஏற்றுங்கள். நண்பர்கள் இருக்கும்போது கை முறுக்குவதற்குக் காரணம் வண்டி அல்ல. மூன்று பேர் ஏறினால் 1,000 ரூபாய் அபராதமும் 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தமும். அப்பத்தாவைக் கூட்டிப் போனால் முந்தானையை இடுப்பில் செருகி, சேலைக்கம்பி இருக்கும் இடப்பக்கம் கால் வைத்து, காலடிப் பலகையில் ஊன்றச் சொல்லுங்கள். தாவணி, துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுக்கும், பின்னே முடிச்சிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அடிபட்டால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஓர் ஆளைப் பின்னே அனுப்புங்கள், மரக்கிளையோ எரியும் விளக்கோ வைத்து. 108-ஐ அழைத்து ஊர்ப்பெயரோடு அருகிலுள்ள கோயில், கண்மாய், கிலோமீட்டர் கல் எதையாவது சொல்லுங்கள். மூச்சு இருக்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்க வேண்டாம், கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில் நரம்பு போய்விடும். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். ரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துண்டை மடித்து அழுத்தி, எடுத்துப் பார்க்காமல் பிடித்துக்கொண்டே இருங்கள்.

உதவுபவரைக் காவல்துறை பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். பெரிய காயத்துக்குச் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

தலையில் அடிபட்டு "ஒன்றுமில்லை" என்று எழுந்து நடப்பவரையும் ஒரு நாள் முழுதும் கூடவே இருந்து கவனியுங்கள். வாந்தி, அடங்காத தலைவலி, எழுப்பினாலும் எழாத உறக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. அன்று தரையில் மோதிய ஹெல்மெட்டின் உள்நுரை ஒருமுறை நசுங்கியபின் மறுமுறை தாங்காது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். வாரைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறொரு பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி.